ஹியூகோவுக்கு "அப்ளை" பண்ண முடியாது: சயின்ஸ் ஃபிக்‌ஷன் சிறுகதைப் பக்கம் புதுசா வர்றவங்களுக்கு

போன மாசம் ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணா, இங்கிலீஷ்ல ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதை எழுதி வச்சிருக்கேன், ஹியூகோ அவார்டுக்கு எப்படி அப்ளை பண்றது, என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு?" அப்டின்னு. சிரிப்பு வந்துச்சு, ஆனா நானும் ஒரு காலத்துல இதே கேள்விய கூகுள்ல தட்டினவன்தான், அதனால ரொம்ப சிரிக்கல. அவனுக்கு பதில் எழுத ஆரம்பிச்சு அது நீண்டுகிட்டே போனதால இங்கயே போட்டுடறேன், வேற யாருக்காவதும் உதவும்.

ஹியூகோங்கறது சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேண்டஸி எழுத்துக்கு வருஷா வருஷம் குடுக்கற பெரிய விருது. அதுக்கு அப்ளிகேஷன்னு ஒண்ணு கிடையாது. ஃபீஸ் கிடையாது. ஜட்ஜ் கிடையாது. ஜெயிச்சா காசும் கிடையாது, ராக்கெட் மாதிரி ஒரு டிராஃபி குடுப்பாங்க, அவ்வளவுதான். போன வருஷம் வந்த கதைகள்ல எது பிடிச்சுதுன்னு வாசகர்கள் எழுதிப் போடறாங்க (இதுதான் நாமினேட் பண்றது), நெறைய பேர் எழுதினது பட்டியல்ல வருது (இதுதான் ஃபைனலிஸ்ட்), அப்புறம் அதுலேர்ந்து ஓட்டு போட்டு ஜெயிக்கறத எடுக்கறாங்க. யாராவது உங்ககிட்ட "ஹியூகோவுக்கு உங்க கதைய சப்மிட் பண்ணித் தர்றோம், இவ்வளவு கட்டுங்க"ன்னு மெயில் போட்டா அது நேரா ஃப்ராடு, டெலீட் பண்ணிட்டு போய்க்கிட்டே இருங்க.

அதனால நான் சொல்ற வரிசை கொஞ்சம் தலைகீழா இருக்கும். எழுதறவனா உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் வாசகனா, ஓட்டு போடறவனா உள்ள போங்க. மார்க்கெட் எப்படி இருக்கு, யாரு என்ன வாங்கறாங்க, எந்த கதைய எத்தன பேரு ஞாபகம் வச்சிருக்காங்க, எல்லாமே அப்பதான் தெரியும்.

ஸ்டெப் 1: எந்த அவார்டு யாரு கையில

ஹியூகோ 1953-ல ஃபிலடெல்ஃபியாவுல ஆரம்பிச்சுது. அடுத்த வருஷம் குடுக்கல, 1955-லேர்ந்து வருஷா வருஷம் உண்டு. வேர்ல்ட்கான்னு வருஷத்துக்கு ஒரு ஊர்ல நடக்கற சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர் மாநாட்டோட மெம்பர்கள்தான் நாமினேட் பண்ணுவாங்க, அவங்கதான் ஓட்டும் போடுவாங்க. பேரு 1926-ல அமேஸிங் ஸ்டோரீஸ் மேகஸின ஆரம்பிச்ச ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கோட பேரு. இவரு எழுத்தாளர்களுக்கு காசு குடுக்கறதுல அவ்வளவு மோசம், திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் கடிதங்கள்ல இவர "எலி"ன்னுதான் திட்டியிருக்காரு. சம்பளம் தராத எடிட்டர் பேர்ல எழுத்தாளருக்கு விருது! இத ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ காண்ட்ராக்ட் பத்தி பேசும்போது வேணும்.

நெபுலா, சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் சங்கத்தோட விருது. 1965-ல ஆரம்பிச்ச அமெரிக்க சங்கம், எஸ்எஃப்டபிள்யூஏன்னு சொல்வாங்க. அவங்க மெம்பர் மட்டும்தான் நாமினேட் பண்ண முடியும். எழுத்துல இதுவரைக்கும் மொத்தமா 100 டாலர் சம்பாதிச்சிருந்தா அசோஸியேட் மெம்பர், 1000 டாலர்னா ஃபுல் மெம்பர், 2022-லேர்ந்து கணக்கு இப்படித்தான். அதனால முதல் வருஷத்துல நெபுலாவ ஓரமா வச்சிடுங்க.

மூணாவது லோக்கஸ்னு ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் பத்திரிகையோட வாசகர் ஓட்டு. இதுக்கு காசே வேணாம், யாரு வேணா போடலாம், சப்ஸ்கிரைபர் ஓட்டுக்கு மட்டும் ரெண்டு மடங்கு மதிப்பு. கைல காசு இல்லாத காலேஜ் பசங்க இங்கேர்ந்து ஆரம்பிக்கலாம். ஃபிப்ரவரி வாக்குல லோக்கஸ் ஒரு ரெக்கமெண்டட் லிஸ்ட் போடும், அத மட்டும் படிச்சாலே ஒரு வருஷத்து சிறுகதை உலகம் பாதி புரிஞ்சுடும்.

ஸ்டெப் 2: மெம்பர்ஷிப், ஜனவரி 31

ஹியூகோவுக்கு ஓட்டு போட மாநாட்டுக்கு நேர்ல போகணும்னு அவசியமே இல்ல. டபிள்யூஎஸ்எஃப்எஸ் (வேர்ல்ட்கானுக்குப் பின்னாடி இருக்கற சங்கம்) மெம்பர்ஷிப்னு ஒண்ணு இருக்கு, சுமார் 50 டாலர், வீட்டுல உக்காந்துகிட்டே நாமினேட் பண்ணலாம் ஓட்டும் போடலாம். 50 டாலர் நமக்கு சின்ன காசு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா ஃபைனலிஸ்ட் கதைகள், நாவல்கள்ல பெரும்பாலானத ஓட்டு போடறவங்களுக்கு பாக்கெட்னு சொல்லி மின்புத்தகமா அனுப்பி வப்பாங்க, புத்தகத்த வாங்கறதா கணக்கு போட்டாலே காசு திரும்ப வந்த மாதிரிதான். என்ன வரும்னு பதிப்பாளருங்க கைல இருக்கு, சிலது முழுசா வராது.

தேதிதான் முக்கியம். நாமினேட் பண்ணணும்னா ஜனவரி 31-க்குள்ள மெம்பரா இருக்கணும். இந்த வருஷ வேர்ல்ட்கான் மெம்பரும் பண்ணலாம், போன வருஷ மெம்பரும் பண்ணலாம். ஆனா கடைசி ஓட்டு இந்த வருஷ மெம்பருக்கு மட்டும்தான். 2025 சியாட்டில்ல நடந்துச்சு, 2026-க்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல அனஹைம், 2027-க்கு மாண்ட்ரியால். ஒரு தடவ காசு கட்டினா ரெண்டு வருஷம் நாமினேட் பண்ணிக்கலாம்னு பலருக்கு தெரியறதே இல்ல, நானும் முதல் தடவ ரெண்டாவது வருஷத்த சும்மா விட்டுட்டேன்.

இந்த "போன வருஷ மெம்பர்" விஷயம் சின்னதுன்னு நெனைக்காதீங்க. 2023 வேர்ல்ட்கான் சீனாவுல செங்டூவுல நடந்துச்சு, அந்த ஊர் மெம்பர்களுக்கெல்லாம் 2024 கிளாஸ்கோவுக்கும் நாமினேட் பண்ற உரிமை இருந்துச்சு, அதனாலதான் 2024 சிறுகதை பட்டியல்ல ஆறுல ரெண்டு சீனக் கதை. யாரு ரூம்குள்ள இருக்காங்களோ அவங்க படிச்சதுதான் பட்டியல்ல வரும்.

ஸ்டெப் 3: வார்த்தை கணக்கு

சிறுகதைன்னா 7,500 வார்த்தைக்கு கீழ. 7,500-லேர்ந்து 17,500 வரைக்கும் நாவலெட். 17,500-லேர்ந்து 40,000 வரைக்கும் நாவெல்லா. அதுக்கு மேல நாவல். நாமினேட் பண்ணும்போது தப்பான கட்டத்துல போட்டுட்டா ஓட்டு பாழாப் போகலாம், அதனால சந்தேகம்னா மேகஸின் பக்கத்துலயே எத்தன வார்த்தைன்னு போட்டிருக்கான்னு பாருங்க, பாதி இடத்துல போட்டிருப்பாங்க. எல்லைக்கோட்டுக்கு கிட்ட இருக்கற கதைய நிர்வாகிகள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகத்தலாம்னு விதியும் இருக்கு.

ஸ்டெப் 4: நாமினேட் பண்றது

ஒரு பிரிவுக்கு அஞ்சு வரைக்கும் எழுதலாம், ஆறு ஃபைனலிஸ்டா வரும். அஞ்சையும் நிரப்பியே ஆகணும்னு இல்ல. ஒரே ஒரு கதைதான் படிச்சீங்களா, அது நல்லா இருந்துச்சா, அத மட்டும் எழுதுங்க. நாவல் பிரிவ காலியா விடலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

எண்ணற முறைக்கு ஈ ப்ளூரிபஸ் ஹியூகோன்னு பேரு, 2017-லேர்ந்து இதுதான். சாப்பாட்டுக் கணக்குல சொல்றேன். உங்க கைல ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு வடை. அஞ்சு கதை எழுதினா வடைய அஞ்சா பிய்ச்சு ஆளுக்கு ஒரு துண்டு. எல்லார் துண்டையும் கூட்டி, கடைசியா நிக்கிற ரெண்டு கதைய எடுத்து, அதுல எந்த கதைய கம்மி பேரு எழுதியிருக்காங்களோ அது எந்திரிச்சு போகணும். போனதும் உங்க வடை மிச்ச நாலு பேருக்கு கொஞ்சம் பெரிய துண்டா பிரியும். இப்படியே ஆறு மிஞ்சற வரைக்கும். அதனால யாருமே கேள்விப்படாத சின்ன மேகஸின் கதைய அஞ்சாவதா எழுதறதுக்கு தயங்க வேணாம், அது அவுட் ஆனா உங்க வடை பெரும்பாலும் மத்ததுக்கு திரும்ப வந்துடும்.

ஏன் இவ்வளவு சிக்கலா வச்சாங்கன்னா, 2015-ல ரெண்டு கூட்டம் ஏறக்குறைய ஒரே பட்டியல தங்க ஆளுங்கள அப்படியே காப்பியடிச்சு எழுத வச்சாங்க, சேட் பப்பீஸ் ரேபிட் பப்பீஸ்னு பேரு. ஒரு சின்ன கூட்டம் ஒரே மாதிரி எழுதினாலே அப்ப இருந்த அஞ்சு இடத்தையும் பிடிச்சுடலாம்னு அப்பதான் எல்லாருக்கும் உறைச்சுது. கோவத்துல வாசகர்கள் அஞ்சு பிரிவுல "விருது யாருக்கும் இல்ல"ன்னு ஓட்டு போட்டாங்க, சிறுகதையும் நாவெல்லாவும் அதுல உண்டு. இப்ப அப்படி பண்ணா துண்டு துண்டா வடை கரைஞ்சு போயிடும்.

அதுக்காக எல்லாம் சுத்தமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். 2023-ல ஆர். எஃப். குவாங்கோட பேபல் நாவல காரணமே சொல்லாம தகுதி இல்லன்னு ஒதுக்கினாங்க, 2024 ஜனவரில கணக்கு வெளிய வந்தப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சு பெரிய ரகளை ஆச்சு. அடுத்த வருஷம் கிளாஸ்கோகாரங்க 377 ஓட்டு போலின்னு கண்டுபிடிச்சு தூக்கினாங்க, ஆனா அத முன்கூட்டியே வெளிப்படையா சொல்லிட்டாங்க. விருது முடிஞ்சதும் முழு எண்ணிக்கையும் வெளியிடணும்னு விதி இருக்கறதாலதான் 2023 விஷயமே வெளிய வந்துச்சு. அந்த கணக்கு பிடிஎஃப ஒரு தடவ திறந்து பாருங்க, எந்த பாடத்தையும் விட அது நல்ல பாடம்.

ஏன்னா அதுல ஒரு விஷயம் கண்ணுல அடிக்கும். நாவலுக்கு விழற நாமினேஷன் எண்ணிக்கையோட சிறுகதைக்கு விழறத ஒப்பிட்டா பாவமா இருக்கும். வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல சிறுகதை வருது, ஆளாளுக்கு ஒண்ணு படிக்கறாங்க, ஓட்டு செதறிடுது. முன்னாடி அந்த பிரிவுக்கு வந்த பாலட்டுல, அதாவது ஓட்டுச் சீட்டுல, 5 சதவீதமாவது வாங்கினாதான் பட்டியல்லன்னு ஒரு விதி இருந்துச்சு, அதனால 2013-ல சிறுகதை பிரிவுல மூணே மூணு ஃபைனலிஸ்ட்தான் தேறிச்சு! அப்புறம்தான் அந்த விதிய எடுத்தாங்க. சிறுகதைல உங்க ஒரு ஓட்டுக்கு இருக்கற கனம் வேற எங்கயும் கிடையாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

கடைசி ஓட்டு வேற மாதிரி, அது சுலபம். 1, 2, 3-ன்னு பிடிச்ச வரிசைல நம்பர் போடணும். படிக்காதத விட்டுடலாம்.

ஸ்டெப் 5: எங்க படிக்கறது, அந்த இடமெல்லாம் ஏன் ஆட்டம் கண்டிருக்கு

இங்கதான் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா கதை அனுப்பறவங்களும் இதே இடத்துக்குத்தான் அனுப்பப் போறீங்க.

பழைய அச்சு மேகஸின் மூணு. 1930-ல ஆரம்பிச்ச அனலாக், 1949-லேர்ந்து ஃபேண்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன், 1977-லேர்ந்து அஸிமோவ்ஸ். ஒரு காலத்துல மாசாமாசம் வந்ததெல்லாம் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு ஆச்சு, 2025-ல மூணையும் ஒரே கம்பெனி வாங்கிடுச்சு. இதுல வர்ற கதைய படிக்க காசு குடுக்கணும்.

இன்னொரு பக்கம் இணைய மேகஸின்கள்: ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸ் 2000-லேர்ந்து, கிளார்க்ஸ்வேர்ல்ட் 2006-லேர்ந்து, லைட்ஸ்பீட் 2010, அன்கேனி 2014. எல்லாத்துலயும் கதைய ஓசிலயே படிக்கலாம், சப்ஸ்கிரைபரும் நன்கொடையாளரும் காசு குடுத்து மத்தவங்களுக்கும் சேத்து ஓட்டறாங்க, அன்னதானம் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். டோர் டாட் காம்னு இருந்தது 2024 ஜனவரிலேர்ந்து ரியாக்டர்னு பேர் மாத்திக்கிச்சு. கடைசி பத்து பதினஞ்சு வருஷ ஹியூகோ சிறுகதை பட்டியல எடுத்துப் பாத்தா பெரும்பாலும் இந்த ஓசி இடங்கள்ல வந்ததுதான். காரணம் தரம்னு மட்டும் சொல்ல மாட்டேன், லிங்க் அனுப்பினா உடனே படிக்க முடியுது, அவ்வளவுதான். அச்சு மேகஸின்ல வந்த நல்ல கதைய நீங்க என் கிட்ட சொன்னாலும் நான் எங்க போய் வாங்கறது?

ஆனா அன்னதானத்துக்கும் அரிசி வேணும்ல. இந்த மேகஸின்களுக்கு கணிசமான சப்ஸ்கிரைபர் அமேஸான் கிண்டில் வழியாத்தான் வந்துகிட்டிருந்தாங்க. 2022 டிசம்பர்ல அமேஸான் அந்த மேகஸின் சந்தாவையே நிறுத்தப் போறோம்னு அறிவிச்சு 2023 செப்டம்பரோட மூடிருச்சு. சப்ஸ்கிரைபர் யாரு, அவங்க மெயில் என்னன்னு கூட மேகஸின்காரங்க கைல இல்ல, எல்லாரையும் பழையபடி ஒவ்வொருத்தரா தேடிப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. ஃபயர்சைட் 2022-லயே மூடிட்டாங்க, ஃபேண்டஸி மேகஸின் 2023-ல. நடுவுல 2023 ஃபிப்ரவரில கிளார்க்ஸ்வேர்ல்டுக்கு சாட்ஜிபிடி எழுதின கதைகளா வந்து குவிஞ்சு, 20-ஆம் தேதிக்குள்ளயே 500-க்கு மேல, எடிட்டர் நீல் கிளார்க் சப்மிஷனையே கொஞ்ச நாள் மூடினாரு. "சைட் ஹசில்", அதாவது ஓய்வு நேரத்துல காசு பாக்கலாம்னு வீடியோ போட்டு ஆளுங்கள அனுப்பின கூட்டம் பண்ண வேலை. அவங்களால நம்ம மாதிரி புது ஆளுங்களுக்குத்தான் அடி, ஏன்னா பல இடத்துல இப்ப கதவு வருஷத்துல சில நாள்தான் திறக்குது.

நாவெல்லா பக்கம் நடந்தது வேற கூத்து. 2015-ல டோர் பதிப்பகம் நாவெல்லாவ தனி புத்தகமா போட ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த பிரிவு பட்டியல் பெரும்பாலும் தனி புத்தகமாத்தான் நிரம்புது, மேகஸின்ல வர்ற நாவெல்லாவுக்கு இடம் ரொம்ப குறைச்சல். அதனால புதுசா எழுதறவங்களுக்கு நான் சொல்றது: 25,000 வார்த்தைல ஆரம்பிக்காதீங்க. அத வாங்கற இடம் விரல் விட்டு எண்ணலாம். 5,000-க்குள்ள எழுதினா எல்லா கதவும் திறந்திருக்கும்.

ஸ்டெப் 6: கதை அனுப்பறது

சப்மிஷன் கிரைண்டர்னு ஒரு சைட், ஓசி. எந்த மேகஸின் திறந்திருக்கு, எத்தன வார்த்தை, எவ்வளவு காசு, எத்தன நாள்ல பதில், எல்லாம் எழுத்தாளர்களே பதிஞ்சு வச்சிருக்கறது. டியோட்ரோப் காசு கட்டற சைட், முதல்ல தேவையில்ல.

காசு விஷயத்துல ஒரு அளவுகோல்: வார்த்தைக்கு 8 செண்ட். எழுத்தாளர் சங்கம் 2019 செப்டம்பர்லேர்ந்து "புரொஃபஷனல் ரேட்"னு சொல்றது இதுதான், 2014-ல 6 செண்டா இருந்துச்சு, 2004-க்கு முன்னாடி 3 செண்ட். 4,000 வார்த்தை கதைக்கு 8 செண்ட்னா 320 டாலர். கிளார்க்ஸ்வேர்ல்டு 14 செண்ட் குடுக்குது, அதே கதைக்கு 560. மேலேர்ந்து கீழ அனுப்பிக்கிட்டே வாங்க. "எனக்கெல்லாம் அவங்க எடுக்கவா போறாங்க"ன்னு நீங்களே உங்கள ரிஜெக்ட் பண்ணிக்காதீங்க, அது எடிட்டர் வேலை, அதுக்குத்தான் அவங்க சம்பளம் வாங்கறாங்க (சில பேரு அதுவும் வாங்கறதில்ல, ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸ் முழுக்க தன்னார்வலருங்கதான், 2024-ல ஹியூகோவும் ஜெயிச்சாங்க).

ஃபைல எப்படி அமைக்கறது: ஷன் ஃபார்மேட்னு தேடுங்க, டபுள் ஸ்பேஸ், 12 பாயிண்ட், மேல பேரும் வார்த்தை கணக்கும். சில இடத்துல பேரே இல்லாம அனுப்பச் சொல்வாங்க, அத படிக்காம அனுப்பினா கதைய படிக்கறதுக்கு முன்னாடியே போச்சு. கவர் லெட்டர் ரெண்டு மூணு வரி போதும்: கதை பேரு, எத்தன வார்த்தை, முன்னாடி எங்கயாவது வந்திருந்தா அது. கதைச் சுருக்கம் வேணாம், "என் கதை உங்கள அழ வைக்கும்" வேணவே வேணாம். என் முதல் கவர் லெட்டர் ஒரு பக்கம் இருந்துச்சு, ஸ்கூல்ல கட்டுரைப் போட்டில பரிசு வாங்கினது வரைக்கும் எழுதியிருந்தேன், இப்ப நெனைச்சாலும் கூசுது.

ஒரே கதைய ஒரே நேரத்துல ரெண்டு இடத்துக்கு அனுப்பலாமான்னு ஒவ்வொரு இடத்துலயும் பாருங்க. கிளார்க்ஸ்வேர்ல்டு மாதிரி பல பெரிய இடத்துல கூடாது. ஏஐ வச்சு எழுதினத எடுக்க மாட்டோம்னு பெரும்பாலான இடத்துல தெளிவா போட்டிருக்காங்க, சில இடத்துல ஏஐ உதவின்னாலே கூடாது. விளையாடாதீங்க, ஒரு தடவ பிடிச்சா அந்த கதவு நிரந்தரமா மூடிடும்.

அப்புறம் ரிஜெக்‌ஷன். வரும். எனக்கு நாப்பது சொச்சம் வந்திருக்கு, வித்தது ரெண்டு, ரெண்டும் சின்ன இடம். "எங்களுக்கு சரி வரல"ன்னு ஒரே மாதிரி வர்றது ஃபார்ம் லெட்டர், அதுல அர்த்தம் தேடி ராத்திரி தூக்கத்த கெடுத்துக்காதீங்க. கதை பத்தி ஒரு வரி குறிப்பா எழுதியிருந்தா அது பெரிய விஷயம், அடுத்த கதைய அவங்களுக்கு அனுப்புங்க. எதுக்கும் பதில் எழுதாதீங்க, நன்றின்னு கூட. சண்டை போட்டு எழுதறவங்க இருக்காங்க, எடிட்டருங்க ஞாபகம் வச்சுக்குவாங்க.

ஸ்டெப் 7: தமிழ்ல எழுதினத என்ன பண்றது

இது நெறைய பேரு கேக்கறது, பதில் நல்ல பதில். ஹியூகோவுல மொழித் தடை கிடையாது. தமிழ்ல வந்த கதை அந்த வருஷமே தகுதி உள்ளதுதான், ஆனா படிச்சவங்க ஓட்டு போடற கூட்டத்துல எத்தன பேரு இருக்காங்க, அதான் பிரச்சனை. அதுக்கு விதியிலயே ஒரு வழி இருக்கு: வேற மொழில வந்த கதை முதல் தடவையா ஆங்கில மொழிபெயர்ப்புல வர்ற வருஷம் மறுபடி தகுதி ஆகும். பத்து வருஷம் முன்னாடி எழுதின கதையா இருந்தாலும் சரி. டச்சுக்காரர் தாமஸ் ஓல்ட ஹூவெல்ட் 2015-ல நாவலெட் ஜெயிச்சது இப்படித்தான், ஹாவ் ஜிங்ஃபாங் 2016-ல அதே பிரிவுல ஜெயிச்சது கென் லியூ மொழிபெயர்ப்புல அன்கேனியில வந்த கதைக்கு.

ஆனா ஒரு கண்ணி இருக்கு. ஆங்கில மொழிபெயர்ப்ப ஆர்வத்துல உங்க பிளாக்லயோ ஃபேஸ்புக்லயோ போட்டுட்டீங்கன்னா அதுதான் முதல் பிரசுரம்னு ஆயிடும். அந்த வருஷத்தோட தகுதியும் போச்சு, மேகஸின்காரங்களும் "ஏற்கனவே வந்தது"ன்னு தள்ளிடுவாங்க. ஆங்கிலத்த மட்டும் பெட்டில பூட்டி வைங்க. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸோட சகோதரி இதழ் சமோவார் மொழிபெயர்ப்புக்குன்னே இருக்கு, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேத்தே போடுவாங்க. புலம்பெயர்ந்தவங்க எழுத்துக்குன்னு கொரேயோ இருக்கு. மொழிபெயர்க்கறவங்க வேற ஆளா இருந்தா காசு எப்படி பிரிக்கறதுன்னு முன்னாடியே எழுத்துல பேசிடுங்க, நட்பு நட்பா இருக்கட்டும்.

நம்ம பக்கத்துலேர்ந்து யாரும் போனதே இல்லைன்னு நெனைக்க வேணாம். கொழும்புல இருக்கற வஜ்ர சந்திரசேகர பல வருஷம் இந்த மேகஸின்கள்ல சிறுகதையா எழுதி, ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸ்ல எடிட்டராவும் இருந்து, அப்புறம் முதல் நாவலுக்கு 2024-ல நெபுலா வாங்கினாரு.

ஸ்டெப் 8: காண்ட்ராக்ட்

கதை எடுத்துக்கிட்டோம்னு மெயில் வந்ததும் கை நடுங்கும், என்ன அனுப்பினாலும் கையெழுத்து போட்டுடத் தோணும். ஒரு நாள் விட்டு படிங்க. முதல் பிரசுர உரிமை மட்டும்தானா, எத்தன மாசத்துக்கு வேற எங்கயும் போடக் கூடாது, காசு ஏத்துக்கும்போதா பிரசுரம் ஆகும்போதா, சினிமா உரிமை கேக்கறாங்களா, ஏஐக்கு பயிற்சி குடுக்க பயன்படுத்துவாங்களா, உங்க பேரு போடற உரிமைய விட்டுக்குடுக்கச் சொல்றாங்களா. இத்தன நாளுக்குள்ள பிரசுரிக்கலன்னா உரிமை எனக்கே திரும்பும்னு ஒரு வரி கட்டாயம் இருக்கணும். எனக்கு ஒரு சின்ன இடத்துல கதைய எடுத்துக்கிட்டு, ஒன்றரை வருஷம் போடாம, அப்புறம் சத்தமில்லாம மூடிட்டாங்க, அந்த வரி இல்லாததால அந்த கதைய வேற யாருக்கும் அனுப்பலாமா கூடாதான்னே தெரியாம ரொம்ப நாள் முழிச்சேன். எழுத்தாளர் சங்க சைட்ல மாதிரி காண்ட்ராக்ட் ஒண்ணு ஓசியா இருக்கு, பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு வரிய மாத்தச் சொல்லிக் கேக்கறதால யாரும் கதைய திருப்பி அனுப்பிட மாட்டாங்க. மேல சொன்ன கெர்ன்ஸ்பேக் ஞாபகம் இருக்குல்ல? காசு எப்பவும் எழுத்தாளர பாத்து வரணும், எழுத்தாளர்கிட்டேர்ந்து போகக் கூடாது, படிக்கறதுக்கே ஃபீஸ் கேக்கற இடத்த நான் தாண்டிப் போயிடுவேன்.

இந்தியாவுல இருந்தா காசு பெரும்பாலும் பேபால் வழியா வரும், பான் கார்டும் பேங்க் அக்கவுண்டும் இணைச்சு, எதுக்காக வர்ற பணம்னு பர்பஸ் கோட் குடுத்து முன்னாடியே தயாரா வச்சுக்கோங்க.

ஸ்டெப் 9: கதை வந்தாச்சு, இனி?

டிசம்பர் கடைசில "இந்த வருஷம் என் கதை இது, இந்த பிரிவு, இத்தன வார்த்தை, லிங்க் இது"ன்னு ஒரே ஒரு பதிவு போடுங்க. வெக்கப்பட வேணாம், எல்லாரும் போடுவாங்க, ஓட்டு போடறவங்களுக்கும் அது வசதி. ஆனா நண்பர்கள மெம்பராக்கி ஓட்டு போட வைக்கற வேலை மட்டும் வேணவே வேணாம், அது எங்க போய் முடியும்னு மேலயே பாத்தோம். ஜனவரில வந்த கதைய அடுத்த மார்ச்சுல யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க, வாசகரா நீங்களும் இதே தப்ப பண்ணுவீங்க, அதனால படிக்கப் படிக்க ஒரு நோட்டுல பேரு, மேகஸின், வார்த்தை கணக்கு, ஒரு வரி எழுதி வைங்க. என் நோட்டுல ஒரு கதைக்கு எதிர்ல "கிணறு வர்ற கதை, செம" அப்டின்னு மட்டும் இருக்கு, கதை பேரே எழுதல, இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல.

முதல் கதை தொழில்முறை இடத்துல வந்திருந்தா அஸ்டவுண்டிங் விருதுன்னு புது எழுத்தாளருக்கு ஒண்ணு இருக்கு, 2019-க்கு முன்னாடி வேற பேருல இருந்துச்சு. ஹியூகோ பாலட்லயே இருக்கும், ஆனா ஹியூகோ கிடையாது. ரெண்டு வருஷம்தான் தகுதி, அதனால முதல் கதை வந்த தேதிய குறிச்சு வைங்க.

நாமினேஷன் பெரும்பாலும் மார்ச் நடுவுல மூடும். ஃபார்ம ஒரு தடவ சேவ் பண்ணாலும் கடைசி நாள் வரைக்கும் மாத்திக்கிட்டே இருக்கலாம், அதனால ஃபிப்ரவரிலயே ரெண்டு கதைய போட்டு சேவ் பண்ணிடுங்க, மிச்சத்த அப்புறம் சேருங்க. பெரும்பாலும் மாநாடு எந்த ஊர்லயோ அந்த ஊர் நேரத்துல தேதி சொல்வாங்க, எந்த நேரம்னு பாத்துக்கோங்க. அமெரிக்க மேற்குக் கரைல மார்ச் நடுவுல ராத்திரி 11:59-ன்னா நமக்கு மறுநாள் மதியம் 12:29. நம்ம ஊர்ல தேதி மாறிடுச்சேன்னு விட்டுடாதீங்க, இன்னும் அர நாள் கைல இருக்கு, ரெண்டு கதையாவது படிச்சு சேக்கலாம்.